என் உணவுச் சங்கிலியில் விடுபட்ட விலாங்கு

பதினெட்டு வருஷமாகப் பள்ளியில் உணவுச் சங்கிலி நடத்துகிறேன். பாசி, அதைத் தின்னும் பூச்சி, பூச்சியைத் தின்னும் மீன், மீனைத் தின்னும் கொக்கு என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக்கொண்டே போவேன். பரீட்சையில் யாராவது அம்புக்குறியைத் திருப்பிப் போட்டால் அரை மதிப்பெண் போச்சு. அவ்வளவு கறார்.

எங்கள் நிலம் கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் ஓடையை ஒட்டி இருக்கிறது. அங்கே ஒரு பண்ணைக்குட்டை வெட்டி, கட்லா, ரோகு குஞ்சுகள் வாங்கி விட்டேன். பார்த்துக்கொண்டது ஏழு வருஷமாக எங்களிடம் வேலை செய்யும் ஒரு அக்கா. சொந்தமாகக் கையகல நிலம்கூட இல்லாதவர். காய்ச்சலில் நான் சுருண்டு கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்ததும் அவர்தான்.

மழைக்காலம் முடிந்ததும் மீன் குறைய ஆரம்பித்தது. தவிடு போட்டால் மொய்க்கிற இடத்தில் நாலைந்துதான் வாயைத் திறந்தன.

"டீச்சர், மழையில ஓட ரொம்பி வந்துச்சில்ல, அப்ப விலாங்கு பூந்திருக்கும்ங்க," என்றார் அக்கா.

நான் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். விலாங்கு பிறப்பது கடலில் என்று ஒரு பாடமே எடுத்துவிட்டு, "கடல் எங்க, நம்ம குட்டை எங்க?" என்றேன்.

"மேல மலையில, கரியாலூர் ஓடையிலயே கீதுங்களே. அது இன்னா பஸ் ஏறியா வந்துச்சி?"

பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். குட்டையில் தவளைச் சத்தமும் அடங்கியிருந்தது. நிம்மதி என்றுதான் நினைத்தேன். நல்லவேளை, மீனைப் போலத் தவளையையும் அக்காதான் எடுத்துப் போகிறார் என்று நினைக்கவில்லை.

அடுத்த வாரம் வேலிக் கதவுக்குப் பூட்டு போட்டேன். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நாகரிகமானவள் அல்லவா? "இனிமே தவிடு நானே போட்டுக்கறேன் அக்கா," என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அவர் பூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உங்க மீன நம்பி எங்க வூட்ல ஒல வெக்கலிங்க," என்றார். மறுநாளிலிருந்து வரவில்லை, பக்கத்துக் கரும்புக் கொல்லைக்கு வேலைக்குப் போய்விட்டார். மடியில் கனம் இருப்பதால்தான் இவ்வளவு ரோஷம் என்று நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

பூட்டு போட்ட பிறகும் மீன் குறைந்துகொண்டேதான் இருந்தது. கோடையில் தூர் வார, மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்தோம். கரைக்கல் இடுக்கிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது விலாங்கு, என் முழங்கைப் பருமனில், கொழுகொழுவென்று. தூர் வார வந்தவர் சாக்கைப் போட்டு அமுக்கி, "நல்லா சாப்ட்டுக்கினு இருந்திருக்குது," என்றார்.

என் சங்கிலியில் கொக்குக்கு இடம் இருந்தது, பாம்புக்கு இருந்தது. மீன் காணோம் என்றதும் அதையெல்லாம் விட்டுவிட்டு, அம்புக்குறியை நேரே ஒரு மனுஷியின் வீட்டுக்கு இழுத்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

தூர் வார வந்தவர்கள் போனதும் விலாங்கை மூடி போட்ட வாளியில் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். ஏழு வருஷத்தில் முதல் தடவை, வழி கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது. வாளியை நீட்டி, "தப்புப் பண்ணிட்டேன் அக்கா," என்றேன்.

"இன்னா டீச்சர், திருடனப் புடிச்சிக்கினு வந்துட்டீங்களா?" என்று சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

சாம்பலைத் தடவிப் பிடித்து அறுத்தார். வயிற்றுக்குள் விரல் நீள ரோகு ஒன்று. அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பிறகு புளி கரைத்துக் குழம்பு வைத்து, எனக்கும் தட்டு வைத்தார். நான் வளர்த்த மீனைத் தின்றதை நான் தின்றேன், அதுவும் இரண்டாவது முறை கேட்டு வாங்கி. சங்கிலியின் உச்சியில் நான்தான் என்று அப்போதும் ஒரு நினைப்பு. அந்தத் தைரியத்தில், "நாளைக்கே வந்துடுங்க அக்கா," என்றேன்.

"வர்றது இருக்கட்டும் டீச்சர். இப்ப வரசொல்லோ அந்தப் பூட்ட கழட்டிட்டு வந்தீங்களா?"

இடது கையால் கைப்பையைத் தடவினேன், சாவி உள்ளேதான் இருந்தது. வாளியோடு கிளம்பிய அவசரத்திலும், பழக்கதோஷத்தில் பூட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.