செங்கேணி நீட்டிய விபூதி

கற்பூரம் மணக்கும்போதெல்லாம் திருத்தணி மலையடிவாரத்தில் செங்கேணி நிற்கிறாள். சேரி ஜனங்கள் படியேறக் கூடாத அந்த நாற்பதுகளில், எங்கள் வயலில் நடவு நட்ட அவள், கிருத்திகைதோறும் இலையில் மடித்த கற்பூரத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். அதை எடுத்துப்போய் முருகனுக்கு ஏற்றச் சொல்லி, விபூதியோடு இறங்கி, அவள் விரித்த கையில் விரல் படாமல் தூவுவது என் வேலை, என் பெருமை.

எல்லோரும் கோயிலுக்குள் போகலாம் என்று சட்டம் வந்ததும், ஈரத் தலையோடு அவளே ஏறிப்போனாள். வேலையிழந்த எரிச்சலோடு நான் கீழே நின்றேன்.

நெற்றி நிறைய விபூதியோடு இறங்கி வந்து, விபூதி மடித்த இலையைப் பிரித்து நீட்டினாள். "கண்ணாரப் பாத்துகினு நின்னேன் பாப்பா. இந்தா, நீயும் இட்டுக்கோ."

என் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போயின.

செங்கேணி துளியும் சிந்தாமல் அதை மறுபடி இலையில் மடித்துக்கொண்டாள்.