குப்பை என்று நான் தூக்கிய வலை

வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் அடையாறு அலுவலகத்து இளசுகள் எல்லாரும் பட்டினப்பாக்கம் கடற்கரையைச் சுத்தம் செய்யப் போனோம். மணலில் கிடந்த கிழிந்த வலையைச் சுருட்டிக் குப்பை லாரியில் ஏற்றியது நான்தான். லாரி போன பிறகு, மீன் விற்கும் அக்கா ஒருவர் ஓடி வந்தார்.

“இங்க கெடந்த வலை எங்க நைனா?”

“கிழிஞ்சிருந்துச்சுக்கா... குப்பைன்னு நினைச்சு...”

“தைக்கத்தானே போட்டு வெச்சோம்! எங்க வூட்டுக்காரரு நாளைக்கு இன்னாத்த எடுத்துக்கினு கடலுக்குப் போவாரு?”

லாரியைத் தேடி ஓடினேன். கிடைக்கவில்லை. திரும்பிப் போய் அவர் முகத்தில் விழிக்கத் துணிவில்லாமல் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன்.

அன்று எடுத்த, வலையும் கையுமாக நான் சிரிக்கும் படம்தான் இப்போது எங்கள் அலுவலகத்தின் வேலைவாய்ப்பு விளம்பரம். “அதைப் பார்த்துதான் இங்க சேர்ந்தேன்” என்றாள் போன வாரம் வந்த பெண். அவளுக்கு நன்றி சொன்னேன். அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்க, ஆட்டோவில் பத்து நிமிஷம்தான், இன்னும் போகவில்லை.