மலைக்கு எந்தப் பசை

நம்ம மேட்டுல குறிஞ்சி பூத்து, அதைப் பாக்க வந்த காரெல்லாம் சாந்தன்பாறை ரோட்ட அடைச்சு நின்னுச்சுல்ல, அதுக்கு அடுத்த மழையிலதான் நான் மலை செய்ய ஒக்காந்தேன். தேதி கேட்டா எனக்குத் தெரியாது. பூவ வச்சுச் சொல்லுதேன், நீங்க கணக்குப் போட்டுக்கிடுங்க.

பூவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு நெனைக்காதீங்க. சம்பந்தம் இருக்கு. பூ பாக்க வந்தவுக ஏலத்தோட்டத்துக்குள்ள எறங்கிட்டாக. செடிய மிதிச்சாக, பாட்டில எறிஞ்சாக. அது தப்புதான், நானே நாலு பேர வெரட்டி விட்டுருக்கேன். எஸ்டேட்டுக்காரங்க பாத்தாக. நாங்க ரோட்டுக்கு எறங்குற ஒத்தையடிப் பாதையில ஒரு இரும்பு கேட்டப் போட்டுப் பூட்டுனாக. பூ வாடுனதும் தெறந்துருவோம்னாக. பூ வாடிப்போச்சு. காருக போயிருச்சு. கேட்டு நிக்குது.

எங்க காலனி எஸ்டேட்டுக்கு மேல இருக்கு. எஸ்டேட்டு லயத்துல, அந்த வரிசை வீட்டுல இருந்து வேலை பாத்து ஓஞ்சவுக ஆளுக்கு ஒரு துண்டு எடத்துல வீடு போட்டிருக்கோம். அந்தப் பாதையில, கல்லுப் படியில எறங்குனா பஸ்ஸு ரோடு, ரோட்டோரத்துல மாதா கோயிலு. பாதைய விட்டா மலையச் சுத்தி ஜீப்புலதான் போகணும். அந்த ஜீப்பு காலையில ஒருதரம் போகும், சாயங்காலம் ஒருதரம் வரும், ஞாயித்துக்கெழம அதுவும் இல்ல. என் வீட்டுக்காரிக்கு முட்டு வலி. ஆனாலும் ஞாயித்துக்கெழம பூசைக்கு அந்தப் படியில எறங்கிப் போயிருவா. கேட்டு வந்த பெறகு வீட்டுக்குள்ளயே மெழுகுதிரி கொளுத்தி வச்சு முழங்கால் போட ஆரம்பிச்சா. எனக்கு அதப் பாக்கப் பாக்க ஆத்திரம்.

தாலூக்கு ஆபீசுல பராதி, அதான் புகாரு, கேக்குற நாள்னு சொன்னாக, போனேன். எஸ்டேட்டுல கணக்கெழுதுற ரைட்டரும் வந்திருந்தாரு. அங்க வழின்னு ஒண்ணு எந்தக் காலத்துலயும் கெடையாதுன்னாரு. ஒரு பெரிய பேப்பர மேசையில விரிச்சாரு. ஆபீசரு மலையாளத்துக்காரரு, நல்ல மனுசன், கத்தல. "அப்பச்சா, வழி எங்க இருக்கு? இதுல தொட்டுக் காட்டுங்க"ன்னாரு. பேப்பரு பூரா கோடா கெடக்கு. நான் பள்ளிக்கூட வாசல மிதிக்காதவன். ஒரு கோட்ட நம்பி வெரல வச்சேன். அது ஓடையாம்.

ரைட்டரு சிரிச்சாரு. "அண்ணாச்சி தண்ணிக்குள்ளயே நடந்து பூசைக்குப் போறாரு போல."

காது ரெண்டும் சூடாயிருச்சு. "எனக்குப் பேப்பரு தெரியாது. அடுத்த தடவ மலையவே கொண்டாரேன், அதுல தொட்டுக் காட்டுதேன்"னு சொல்லிட்டு எறங்கிட்டேன்.

வீட்டுல வந்து சொன்னா, அவ முறத்தக் கீழ வச்சா. "மலைய எதுல தூக்கப் போறீக? தலையிலயா, தோள்லயா?"

மீன்காரன் தெர்மாகோல் பெட்டியில ஐஸ் போட்டு மீன் கொண்டாருவான். ஒடஞ்ச பெட்டிகள ஆத்தோரம் எறிஞ்சுட்டுப் போவான். அதப் பொறுக்கிக் கழுவி, கத்தியில சீவிச் சீவி அடுக்குனேன். எவ்வளவு கழுவுனாலும் நாத்தம் போகல. காலனிப் பூனை எல்லாம் என் மலையச் சுத்தித்தான் கெடந்துச்சு.

பசைன்னா எனக்கு அதுவரைக்கும் ஒண்ணுதான். பஞ்சரு ஒட்டுற சொலூசன். செருப்பு, கொடை, மழைக்குப் போடுற பூட்ஸு எல்லாம் அதுலதான் ஒட்டுவேன். ஒருதரம் மாதா சுரூபத்துல வெரலு ஒடஞ்சுபோயி அதையும் அதுலதான் ஒட்டுனேன். வெரலு கறுப்பாயிருச்சுன்னு அவ ஒரு மாசம் பேசல, அது வேற கதை. அந்தச் சொலூசனையே எடுத்தேன். எண்ணெ டின்ன வெட்டிக் காலனி வீட்டுக்கெல்லாம் கூரை செஞ்சு, மலை உச்சியில வரிசையா ஒட்டிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா வீடு ஒண்ணையும் காணல. சொலூசன் தெர்மாகோலத் தின்னுருச்சு. நாங்க குடியிருக்குற எடம் பூரா குழியாயிக் கூரையெல்லாம் அதுக்குள்ள கெடக்கு.

அவ எட்டிப் பாத்தா. "எஸ்டேட்டுக்காரன் கேட்டு மட்டுந்தான் போட்டான். நீங்க காலனியவே முழுங்கிட்டீக."

பூப்பாறையில சாமான் கடைக்குப் போயி, தெர்மாகோலு, டின்னு, கல்லு, பாசி, கறுப்பு ஓசுத் துண்டு எல்லாத்தையும் மேசையில பரப்பி, எதுக்கு எந்தப் பசைன்னு கேட்டேன். அவரு சொன்னதுல பாதி சரி. மீதி, கடையில விக்காமக் கெடந்ததத் தள்ளிவிடச் சொன்னது. சொட்டுச் சொட்டா விடுற பசை எல்லாத்துக்கும் ஆகும்னாரு. அதுவும் தெர்மாகோலத் திங்குது, கூட என் பெருவெரலையும் ஆள்காட்டி வெரலையும் சேத்து ஒட்டிருச்சு. அன்னைக்கு அவதான் சோறு ஊட்டி விட்டா. ஊரு பூரா சொல்லியும் வச்சா.

ஒட்டி ஒட்டிக் கெடுத்துத்தான் வெளங்குச்சு. தெர்மாகோலுக்குத் தெர்மாகோலு, அதுக்கு மேல மரத்துண்டுன்னா ஆசாரிமாரு தேய்க்கிற வெள்ளப் பசை. அது தண்ணியில கரையிற சாதி, எதையும் திங்காது. டின்னையும் கல்லையும் பிடிச்சு நிக்க ரெண்டு டியூப்பக் கலக்கிக் குழைக்கிற பசை. டின்ன மொதல்ல உப்புத்தாள்ல உரசணும், வழவழன்னு இருந்தா உரிஞ்சு வந்துரும். பாசிக்கு மைதா காய்ச்சி ஒட்டுனேன், எறும்பு வந்து பாதித் தோட்டத்தத் தூக்கிட்டுப் போச்சு. பெறகு அதுக்கும் வெள்ளப் பசைதான். அந்தக் கறுப்பு ஓசு இருக்குல்ல, ஊத்துல இருந்து எங்களுக்குத் தண்ணி வர்ற ஓசு, அது எந்தப் பசைக்கும் பிடி குடுக்காது. உரசிப் பாத்தேன், சுட்டுப் பாத்தேன், ம்கூம். கம்பி போட்டுக் கட்டிட்டேன்.

இவ்வளவும் வெளங்கி ஒட்டி முடிச்சா, வெள்ளப் பசை காயல. ஆடி மாசம். எங்க பக்கம் அப்பச் சுவரே வேர்த்து நிக்கும். ரெண்டு நாளானாலும் பசை பாலு மாதிரியே இருக்கு. படிக்கல்லு ஒட்டுன மரத்துண்டெல்லாம் வழுக்கிக் கீழ எறங்குது. ஆபீசுல அடுத்த பராதி நாளும் நெருங்கிருச்சு.

என் மச்சினன் எஸ்டேட்டு ஸ்டோருல ஏலக்காய் ஒணத்துறவன். கீழ வெறகு எரியும், சூடு குழாய் வழியா ரூமுக்குள்ள வரும். காயக் கையில குலுக்கிப் பாத்தே பக்குவம் சொல்லுவான். காய அள்ளுன பெறகும் அந்த ரூமுல நல்ல வெக்கை நிக்கும். அவன்கிட்ட மலையக் கொண்டு போனேன்.

"அத்தான், இது யாரு ஸ்டோருன்னு தெரியும்லா?"

"தெரியும். கேட்டு போட்டவுக வெறகுல என் வழி காயட்டும்."

"என் வேலை போச்சுன்னா ஒங்க மலையத்தான் தின்னணும்."

வச்சுட்டான். அக்கா புருசனாச்சே. நாங்க திரும்புறதுக்குள்ள சூப்பர்வைசரு உள்ள வந்துட்டாரு.

"என்னடா இது?"

"குடிலு சார். கிறிஸ்மஸ் குடிலு."

"ஆடி மாசத்துலயா?"

"எங்க அத்தான் கொஞ்சம் மெதுவு சார். இப்பத் தொடங்குனாத்தான் டிசம்பருக்கு முடிப்பாரு."

அவரு குனிஞ்சு பாத்தாரு. "குடில்ல எதுக்கு நம்ம எஸ்டேட்டு பங்களா இருக்கு?"

மச்சினன் அசரல. "அது ஏரோது ராசா அரமனை சார்."

ஏரோதுன்னா பாலன் ஏசுவக் கொல்லத் தேடுன ராசா; அது அவருக்குப் புரிஞ்சுதா புரியலையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அப்படியே திரும்பிப் போயிட்டாரு. பசை கல்லு மாதிரி காஞ்சிருச்சு. குழாய்ப் பக்கம் இருந்த தெர்மாகோலு மட்டும் சூட்டுல சுருங்கி, பங்களா ஒரு பக்கமாச் சாஞ்சுருச்சு. நிமுத்தப் போகல. மீன் நாத்தம் போயி ஏலக்கா மணக்குற மலையா வீட்டுக்கு வந்துச்சு.

ஆபீசுக்கு அவளும் வந்தா. ஜீப்புல வழி பூரா மடியில வச்சுப் பிடிச்சுக்கிட்டே வந்தா. மேசையில வச்சதும் நாலு பேரு கூடிட்டாக. ரைட்டரு சுத்திச் சுத்திப் பாத்தாரு.

"பங்களாவே சாஞ்சு நிக்குது. இது எந்த ஊரு மலை? அதுவும்போக, பசை இருந்தா எங்க வேணும்னாலும் ஒரு வழிய ஒட்டலாமே சார்."

அவரு சொன்னது சரிதான். அது எனக்குத் தோணவே இல்ல. எது எதுல ஒட்டும்னு பாத்தேனே தவிர, ஒட்டுனத எப்படி நம்புவாகன்னு பாக்கல.

அவ முன்னால வந்தா. ரெண்டு வெரல மலை உச்சியில எங்க வீட்டு வாசல்ல வச்சு, அப்படியே நடக்குற மாதிரி எறக்குனா. "இது வீடு. இங்க ஒரு பாறை, வெறகுக்கட்ட எறக்கி மூச்சு வாங்குற எடம். இங்க வந்தா பஸ்ஸு ஆரன் கேக்கும். இந்தப் படி ஒரு பக்கம் தேஞ்சிருக்கும், மழைக்கு எடது காலத்தான் ஊனணும். இங்க ஒரு கொய்யா மரம், எம் மகளுக்கு வலி வந்தப்ப இதப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னா. இங்க கேட்டு." அந்த எடத்துல வெரல நிப்பாட்டிட்டா. ஆபீசரப் பாத்துக்கிட்டே நின்னா.

ஆபீசரு ரைட்டரப் பாத்தாரு. "இந்தப் படி அங்க இருக்கா?"

"படி இருக்கு சார். வழி இல்ல."

ஆபீசருக்கே சிரிப்பு வந்துருச்சு. மழை விட்டதும் நேர்ல வந்து பாக்குறேன்னாரு. இத இங்கயே வச்சுட்டுப் போங்கன்னாரு. மாட்டேன்னுட்டேன். அந்த ரூமு மூலையில ஈரம் கசியுது. வெள்ளப் பசை ஈரத்துல எளகிரும். நாளைக்குப் படியெல்லாம் உதுந்து கெடக்கும், பாருங்க வழியக் காணோம்னு இதே ரைட்டரு சொல்லுவாரு. "நீங்க வாங்க சார், நடந்தே காட்டுதேன்"னு சொல்லித் தூக்கிட்டு வந்துட்டேன். அவ ஆபீஸு வாசல்ல வச்சுத் திட்டுனா, பெரிய எடத்துல இப்படியா பேசுறதுன்னு. பேசுனது பேசுனதுதான்.

மழை விட்டுச்சு, மறுபடி வந்துச்சு. ஆபீசரு இன்னும் வரல. வரட்டும், வராமப் போகட்டும். நடக்காத படியில புல்லு ஏறிரும், புல்லு ஏறுனா அவுக சொன்னது உண்மையாயிரும். கேட்டுக்கும் பாறைக்கும் நடுவுல ஒரு ஆளு ஒருக்களிச்சுப் போக எடமிருக்கு. ஞாயித்துக்கெழம அவ என் தோளப் பிடிச்சுக்கிடுவா, ரெண்டு பேரும் அதுல நொழஞ்சு பூசைக்குப் போயிட்டு வாரோம். எஸ்டேட்டுக் காவலுக்கு நிக்கிற வாட்சர் ஒருநாள் வெரட்டுனான். அவ நின்னு அவங்கிட்ட முட்டு வலியப் பத்திப் பேச ஆரம்பிச்சா, அவன் ஓடிட்டான்.

இவ்வளவு நேரம் கேட்டீங்கல்ல, ஒரு காரியம் செய்யணும். எங்க காலனிப் புள்ளைக போடியிலயும் கம்பத்துலயும் வேலைக்குக் கெடக்குதுக. நீங்க அந்தப் பக்கம் போறவரு, பாத்தாச் சொல்லுங்க. மாதா பெருநாளுக்கு வர்றப்ப ஜீப்பு ஏற வேண்டாம். பஸ்ஸ விட்டு எறங்கி, பெட்டி இருந்தாத் தலையில வச்சுக்கிட்டு, அந்தப் படியிலயே ஏறி வரட்டும். கேட்டுக்கிட்ட நின்னு ஒரு சத்தம் குடுத்தாப் போதும், நான் எறங்கி வந்து கை குடுத்து ஏத்திக்கிடுவேன்னு சொல்லுங்க.