இடைவேளையில் எழுந்து போனவர்கள்

பென்ரோஸில் நான் வேலை பார்க்கும் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சமோவாக்காரர் ஒருவர் இருக்கிறார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள். சரக்கு ஏற்றும்போது அடித்தொண்டையில் எதையாவது பாடிக்கொண்டே இருப்பார். கிடங்கின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவருடைய ஸ்கேனர் வாரத்துக்கு ஒருமுறை மக்கர் பண்ணும்; அப்படித்தான் எங்களுக்குள் பழக்கம். ஒரு நாள் சரிசெய்த ஸ்கேனரை வாங்கிக்கொண்டு என் கையில் இரண்டு டிக்கெட்டைத் திணித்தார். நகரத்தில் ஓபரா போடுகிறார்களாம். கும்பலாகப் பாடுகிறவர்களில் தானும் ஒருவன், கட்டாயம் வர வேண்டும் என்றார்.

ஓபராவில் ரொம்ப உச்சத்தில் பாடுவார்கள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. என் மனைவிக்கு அதுவும் தெரியாது. நான் மதுரைக்காரன், அவள் யாழ்ப்பாணம், குடியிருப்பது நகரத்துக்கு வெளியே, மனுரேவா என்கிற புறநகரில். போகலாமா என்று கேட்டேன். "ஓம், போவம். ஆசையாத் தந்திருக்கிறார்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. அவள் பட்டுச்சேலை கட்டி அதன் மேல் மழைக்கோட்டு போட்டுக்கொண்டாள். ரயிலில் போய் இறங்கி அரங்கத்துக்குள் நுழைந்தால், பாதிப் பேர் ஜீன்ஸில் இருந்தார்கள். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

பாட்டு இத்தாலிய மொழியில். மேடைக்கு மேலே ஆங்கிலத்தில் அர்த்தம் ஓடியது. ஒரு மாவு மில்காரனின் மகள், ஒரு சிப்பாய், சம்மதிக்காத அப்பா. இந்தக் கதையைப் புரிந்துகொள்ள எங்களுக்கு எழுத்தே தேவைப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் நான் மேலே படிப்பதை விட்டுவிட்டேன். மைக் இல்லாமல் ஒரு பெண் பாடுவது மாடி வரைக்கும் வந்து என் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. அப்பா மனம் மாறினார். கல்யாணம் நடந்தது. ஊரே கூடிப் பாடியது. மூன்றாவது வரிசையில் எங்கள் ஆள், தலையில் இறகு வைத்த தொப்பியோடு. திரை விழுந்தது. கைதட்டினோம். விளக்கு போட்டதும் ஆட்கள் எழுந்து வெளியே போனார்கள்.

"கலியாணம் முடிஞ்சுது, கதையும் முடிஞ்சுது. எழும்புங்கோ" என்றாள்.

எங்களுக்கு முன்வரிசையில் ஒரு வயதான அம்மா சால்வையை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனார். என் மனைவி ஓடிப்போய் அதை நினைவுபடுத்தினாள். அவர் சிரித்து, நன்றி, அங்கேயே இருக்கட்டும் என்றாராம். வெளியே எல்லோரும் வைன் வாங்க வரிசையில் நின்றார்கள். ஆட்டம் முடிந்ததும் குடிப்பது இங்கே வழக்கம் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே ரயிலேறி வீட்டுக்கு வந்துவிட்டோம். இவ்வளவு சீக்கிரம் முடிகிற விஷயத்துக்கு ஏன் எல்லோரும் பயப்படுகிறார்கள் என்று எனக்கு ஆச்சரியம்.

மறுநாள் டீ நேரத்தில் அவர் என்னைத் தேடி வந்தார். கல்யாணப் பாட்டு பிரமாதம் என்றேன். தலையாட்டினார், ஆனால் வேறெதற்கோ காத்திருந்தார்.

"அந்தக் கடிதம்?" என்று கேட்டார்.

"எந்தக் கடிதம்?"

அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி விளங்கியது. மீதியை அவரே சொன்னார். கல்யாணத்தோடு முதல் பாதிதான் முடிகிறது. பிறகு போர் வருகிறது, சிப்பாய் போகிறான், திரும்புவதில்லை. சாவுச் செய்தியைக் கடிதத்தில் கொண்டுவருகிறவர் இவர்தான். பத்து வருடமாகக் கும்பலோடு பாடியவருக்கு முதல்முறையாகத் தனியாக ஒரு வரி கொடுத்திருக்கிறார்கள். அதற்காகத்தான் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார், பெஞ்சே ஆடியது. மதியத்துக்குள் கிடங்கு முழுக்கத் தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த மனுசிக்குச் சால்வையைப் பற்றி வேற சொன்னனான்" என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "திரும்பவும் போவம்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை கடைசிக் காட்சி. இரண்டு நாற்காலி, உச்சிமாடியில் கடைசி வரிசையில் கிடைத்தது. முதல் பாதியில் எங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அடுத்து யார் வருவார் என்று அவள் எனக்கே சொன்னாள். இரண்டாம் பாதியில் வாத்தியங்கள் எல்லாம் அடங்கி ஒரே ஒரு செல்லோ மட்டும் கேட்டபோது, பக்கவாட்டிலிருந்து அவர் வந்தார். அந்தப் பெரிய உடம்பு தோளைக் குறுக்கி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. ஒரே வரி. பத்து விநாடி இருக்குமோ என்னவோ. அரங்கத்தில் ஒரு இருமல் இல்லை. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

முடிந்ததும் பின்வாசலில் போய் நின்றோம். முகத்தில் பாதி மேக்கப்போடு அவர் வந்தார். அவருடைய அண்ணன் தம்பிகள், பிள்ளைகள் என்று இருபது பேர் சூழ்ந்திருந்தார்கள். என் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், உங்கள் சத்தம் கேட்டதும் அந்தப் பெண்ணுக்காகப் பயந்துவிட்டேன் என்றாள். அவர் குனிந்து அவள் கையைப் பற்றிக்கொண்டார்.

அதற்கப்புறம் வருடத்துக்கு ஒன்று, இரண்டு பார்த்துவிடுகிறோம். எந்தக் குரலுக்கு என்ன பெயர் என்று இன்றைக்கும் தெரியாது. நீளமான பாட்டுகளில் அவள் என் தோளில் சாய்ந்து கொஞ்சம் தூங்குவாள். நான் எழுப்புவதில்லை.