கேட் தெரியும் வீடு

இன்ஷிராவுக்குக் கடல் பிடிக்காது. வெயில் பட்டால் தலைவலி. ஆனாலும் கெய்ரோவில் எல்லோரும் கம்பளிக்குள் சுருண்டு கிடந்த ஜனவரியிலேயே, வடக்குக் கடற்கரையில் ஆகஸ்டு மாதத்துக்கு வீடு தேட ஆரம்பித்துவிட்டாள். நோக்கம் ஒன்றே ஒன்று. ஓரகத்தி நக்வானை வெயிலில் நிற்க வைக்க வேண்டும்.

காரணம் போன கோடையில் நடந்தது. "எங்க கடற்கரை வீட்டுக்கு எப்ப வேணும்னாலும் வாங்கக்கா" என்று நக்வான் வாய் நிறையச் சொல்லியிருந்தாள். இன்ஷிராவும் திராட்சை இலைக்குள் அரிசி வைத்துச் சுருட்டி, ஆட்டுக்காலோடு வேகவைத்து, தன் கல்யாணச் சீதனப் பித்தளைப் பானை நிறைய எடுத்துப் போனாள். குடியிருப்பின் கேட்டில் காவலாளி நிறுத்தினான். வீட்டுக்காரர் கைபேசிக்கு பாஸ் அனுப்பினால்தான் உள்ளே போகலாம். பாஸ் வரவில்லை. வெகுநேரம் கழித்து வெள்ளை உடையில் நக்வானே வந்தாள். கம்பிக்கு மேலாகக் கையை நீட்டிப் பானையை மட்டும் வாங்கிக்கொண்டாள். "உள்ள விருந்தாளிங்கக்கா. இன்னொரு நாள் வாங்க."

அதையும் பொறுத்திருப்பாள். பெருநாள் விருந்தில், குடும்பமே உட்கார்ந்திருக்கும்போது, நக்வான் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நடு ஆத்துல போற படகுக்காரன் கரையில நிக்கிறவனை 'சாப்பிட வா'ன்னு கூப்பிடுவானே, அது மாதிரிதான் சொன்னேன். அக்கா நிஜமாவே கிளம்பி வந்துட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். இன்ஷிராவின் கணவர் வக்தியும் சிரித்தார். பானை திரும்பி வரவில்லை.

நான் அவர்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். இந்த ஊரில் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தருவது கன்னத்தில் அறைவதற்குச் சமம். தப்பித் தவறிக்கூட அப்படி நடந்துவிடக் கூடாதே என்று நான் சர்க்கரைப் பொட்டலமாவது போட்டுத்தான் கொடுப்பேன்; கொடுத்த பிறகும் அது போதுமா என்று கவலைப்படுவேன். நக்வான் அந்தப் பானையை வருடம் முழுக்க வைத்திருந்தாள்.

அந்தக் கடற்கரையில் மேற்கே போகப் போக அந்தஸ்து அதிகம். இன்ஷிரா புது பிரிட்ஜ் வாங்கும் ஆசையைக் கைவிட்டு, அந்தப் பணத்தில் நக்வானுடையதைவிட மேற்கே ஒரு குடியிருப்பில் வீடு பிடித்தாள்.

"மேடம், இந்த பால்கனியில இருந்து கடல் தெரியாதே" என்றார் தரகர்.

"கடல் எதுக்கு? கேட் தெரியுதா?"

"நல்லாத் தெரியும்."

"அப்ப இதுவே போதும்."

ஆகஸ்டில் தேன் குரலில் அழைத்தாள். அந்தக் குடியிருப்பைப் பார்த்தேயிராத நக்வான் உடனே கிளம்பி வந்தாள்.

"அக்கா, கேட்ல நிக்கிறோம். பாஸ் வரலையே."

"இதோ அனுப்புறேன் கண்ணு."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தர்பூசணியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியுமாக பால்கனியில் உட்கார்ந்தாள். கீழே நக்வான் காரைவிட்டு இறங்கி, நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சலூனில் நீவிவிட்ட முடி உப்புக்காற்றில் சுருள ஆரம்பித்தது. ஒவ்வொரு சுருளையும் இன்ஷிரா ரசித்தாள்.

"என் தம்பி வெயில்ல நிக்கிறான்டீ" என்றார் வக்தி.

"உங்க தம்பி ஏசியில உட்கார்ந்திருக்கார். வெளிய நிக்கிறது அவ மட்டுந்தான்."

"இது விடுமுறையா, காவல் வேலையா?"

"போன வருஷம் சிரிச்சீங்கல்ல? இப்பவும் சிரிங்க."

தர்பூசணி தீர்ந்ததும் கீழே இறங்கிப் போனாள். நக்வானின் கையில் அந்தப் பித்தளைப் பானை, மூடித் துணி கட்டி இருந்தது. வெறுங்கையோடு வர மாட்டாள் என்று இன்ஷிரா கணக்குப் போட்டது பலித்துவிட்டது. கம்பிக்கு மேலாகக் கையை நீட்டிப் பானையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"உள்ள விருந்தாளிங்கம்மா. இன்னொரு நாள் வா. நான் கூப்பிட்டதும் படகுல இருந்துதான்."

நக்வான் கோபப்படவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும்க்கா. சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க."

கார் திரும்பிப் போனது. அப்போதுதான் இடுப்பில் இருப்பது பித்தளையின் கனம் மட்டுமே என்பது இன்ஷிராவுக்கு உறைத்தது. துணியை அவிழ்த்தாள். பானை பளபளவென்று தேய்த்திருந்தது. உள்ளே ஒரு பருக்கை இல்லை.

பால்கனிக்குத் திரும்பி, மடியில் பானையோடு உட்கார்ந்தாள். விடுமுறை இன்னும் மிச்சமிருந்தது. அங்கிருந்து பார்த்தால் கேட் மட்டும்தான் தெரிந்தது.

வக்தி உள்ளே போனார். அவள் போனில் தரகரைக் கூப்பிட்டாள்.

"அடுத்த வருஷத்துக்கு ஒரு வீடு வேணும். என் ஓரகத்தி இருக்கிற குடியிருப்புல, அவ வீட்டுக்குப் பக்கத்துச் சுவர். ஆமா, ஒட்டின சுவர்தான். கடல் தெரியலேன்னாலும் பரவாயில்ல."