பின்சக்கரத்தில் பட்டது

எங்கள் பக்கம் உளுந்து அறுவடையானால் செடியைப் பிடுங்கி வந்து தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரம் பட்டு நெற்று உடைந்து உளுந்து உதிரும். டிரைவர்கள் ஒதுங்கிப் போகமாட்டோம். ஏறிப் போவதுதான் மரியாதை. இரவில் பக்கத்திலேயே ஒருவர் காவலுக்குப் படுத்திருப்பார்.

நான் விருத்தாசலம் ஜங்ஷன் வாசலில் இரவு டாக்சி ஓட்டுகிறேன். போன மாசியில் மங்கலம்பேட்டை பாய் ஒருவரைச் சென்னை விமானத்துக்கு ஏற்றிப் போனேன். ஊர் தாண்டி ஒரு வளைவில் உளுந்துச் செடி கிடந்தது. வழக்கம்போல் ஏறினேன். பின்சக்கரம் எதன்மேலோ ஏறி இறங்கியது. கல் இல்லை. மெத்தென்று இருந்தது.

பிரேக்கில் கால் வைத்தேன்.

“என்னாச்சுண்ணே?” என்றார் பாய்.

“ஏதோ ஏறின மாதிரி இருக்குது பாய்.”

“செடிதாண்ணே. துபாய் போறவன போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பிடாதீங்க. ஃப்ளைட்டு போயிடும், போங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. போய்விட்டேன்.

மறுநாள் திரும்பி வந்தபோது அந்த இடத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். ஓரத்தில் ஓர் அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அருகில் போய் நின்றேன்.

“இன்னா, உளுந்து வேணுமா?”

“ஆமாங்க. ராத்திரி காவலுக்கு யாருங்க படுத்திருந்தாங்க?”

“எங்க வூட்டுக்காரருதான். நல்லா காத்தாரு! காலைல வந்து பாத்தா ஆளக் காணோம்.”

தேவையில்லாத உளுந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மூன்று நாள் தூங்கவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. சக்கரத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

நான்காம் நாள் மறுபடி அங்கே போனேன். அந்த அம்மா ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் வீட்டுக்காரர். அன்று இரவு யாரிடமும் சொல்லாமல் சேத்தியாத்தோப்பில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாராம்.

“படுக்கைய செடிக்குள்ளயே வுட்டுட்டுப் போனேங்க. எவனோ மேல ஏத்திட்டுப் போயிருக்கான். நான் படுத்திருந்தா சட்டினிதான்!” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் அவர் அங்கே இல்லை என்று தெரிந்தா நான் நிற்காமல் போனேன்?

இந்த மாசியில் அதே வளைவு, அதே உளுந்து. வண்டியை நிறுத்தி, டார்ச் அடித்து, செடியைக் கையால் விலக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுபடி பார்த்தேன். பின்சீட்டில் இருந்தவர் ரயிலுக்கு நேரமாகிறது என்று கத்தினார். இப்படியே இரண்டு சவாரி கெட்டுவிட்டதால், இன்னொன்று கெட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்று வண்டி முதலாளி சொல்லியிருந்தார்.

சாலையோரப் புளியமரத்தடியில் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

“இங்க கெடக்குறேங்க, உசுரோடதான்! ஏறிப் போங்க!”

அவர் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். அவரேதான். வண்டியில் ஏறி கியர் போட்டேன். ஆக்சிலேட்டரில் வைத்த கால் அழுந்தவில்லை.