தின்னர் பாட்டிலில் ஒட்டும் சீட்டு

பெயிண்டில் கலக்கிற தின்னர் விற்கிற கடையில் வாயே திறக்காதவளும் வேலை பார்க்கலாம், மூக்கு மட்டும் பாதி செத்திருக்க வேண்டும். இப்போது என் விரலெல்லாம் மைதாப் பசை. அரை லிட்டர் பாட்டில் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ‘அடுப்பு, விளக்கு, பீடி பக்கம் கொண்டுபோகாதீங்க. ஜன்னலைத் திறந்து வைங்க. பிள்ளைக்கு எட்டாம வைங்க.’ எல்லாம் என் கையெழுத்துதான். நடுநடுவே கையைத் துடைத்துவிட்டு இதை எழுதுகிறேன், பசை பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆறாவது வரைக்கும்தான் படித்தேன். திண்டுக்கல்லில் இந்தப் பெயிண்ட் கடைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பெரிய கேனில் வருகிற தின்னரைச் சின்னச் சின்ன பாட்டிலில் ஊற்றுவது என் வேலை. ஒருநாள் கம்பெனி ஆள் வந்து முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தார். தின்னரின் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு ஊர்ந்து போகுமாம், அறையின் அந்தக் கோடியில் இருக்கிற நெருப்பில் பட்டாலும் பற்றிக்கொண்டு திரும்பி வருமாம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் என் வீட்டுக்காரர் அந்தோணி பெயிண்டர். நாங்கள் குடியிருப்பது ஒரே அறை. மாதா சுரூபம் வைத்த பலகைக்குக் கீழே அவருடைய தின்னர் கேன். பலகை மேல் சாயந்தரமானால் மெழுகுவர்த்தி. நாலு அடி தள்ளி கேஸ் அடுப்பு. இடையில் பாய் போட்டு எங்கள் மூன்று வயசு ஜெனி தூங்குவாள். “இதை வெளிய எங்கயாச்சும் வைக்கலாமா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். “ஏன், என் தொழிலு ஒனக்கு நாறுதாக்கும்?” என்றார், அவர் முகம் வாடிப்போச்சு. அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். பெயிண்டரைக் கட்டிக்கொண்டவர்களுக்கு இது விளங்கும். கடைக்கு வருகிறவர்களுக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தது அப்புறம்தான். வீட்டில் சொல்ல முடியாததை ஊருக்குச் சொன்னேன்.

பால் காய்ச்சிய இடம்

செம்பட்டியிலிருந்து ஒரு அக்கா வந்தார். விடிந்தால் புது வீட்டில் பால் காய்ச்சு. கதவு, ஜன்னலுக்கு அடித்த வார்னிஷ் இன்னும் கையில் ஒட்டுகிறதாம். தூசி படியக்கூடாது என்று எல்லா ஜன்னலையும் இரண்டு நாளாக அடைத்தே வைத்திருக்கிறார்களாம். “இன்னும் ரெண்டு பாட்டிலு தின்னர் குடும்மா, கலந்து அடிச்சா வெரசா காஞ்சிரும்ல?” என்றார். அடைத்த வீட்டுக்குள் அந்த ஆவி, அதில் விடியக்காலம் ஹோமம், விறகடுப்பு, குத்துவிளக்கு! வாயால் சொல்ல எனக்கு வராது. பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போய் நின்றுகொண்டேன். ‘அக்கா, ஜன்னலை எல்லாம் திறந்து விடுங்க. காயுற வரைக்கும் உள்ளே நெருப்பு வேண்டாம்.’

ஒரு வாரம் கழித்து அவரே வந்தார். என்ன ஆனதோ என்று நான் டப்பா அடுக்குக்குப் பின்னால் ஒதுங்கினேன். கூப்பிட்டு, கையில் ஒரு லட்டு வைத்தார். “ஒன் சீட்டப் படிச்சிட்டுப் பால வாசல்லதான் காய்ச்சுனோம். வீடு நல்லாருக்கு, எங்க மாமியாருதான் இன்னும் என்கிட்டப் பேசல, அதுக்கும் சேத்துத்தான் லட்டு.”

சாமி வரும்போது வெளியே

வெள்ளிக்கிழமை சாயந்தரம் முதலாளி தட்டில் கங்கு போட்டு, சாம்பிராணியைத் தூவி, கடை மூலை மூலையாகப் புகை காட்டுவார். மனுஷன் தங்கமானவர், பக்தியும் அதிகம். அந்தத் தட்டு என் பக்கம் திரும்பினால் நான் கேனை மூடித் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவேன். அவர் ஒன்றும் கேட்டதில்லை. நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள் என்பதால் ஒதுங்கிப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டாராம். அதற்காக வெள்ளிக்கிழமை மட்டும் எனக்கு வெளியில் ஒரு ஸ்டூலும் போட்டு வைத்தார்.

ஆறு மாசம் கழித்து, மழை நாளில், நனைந்துகொண்டு நிற்கிற என்னைப் பார்த்து அவருக்குப் பாவமாகிவிட்டது. “உள்ள வாம்மா, எங்க சாமி ஒன்னைய ஒண்ணும் செய்யாது” என்றார். “சாமிக்குப் பயந்து இல்லண்ணே, கங்குக்கு” என்று கேனைக் காட்டினேன். நான் அவரிடம் பேசிய முதல் முழுப் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். தட்டைப் பார்த்தார், கேனைப் பார்த்தார், அடுக்கி வைத்த நூறு டப்பாவையும் பார்த்தார். “ஏம்மா, இம்புட்டு நாளும் நீ மட்டும் தப்பிச்சு ஓடிட்டு, என்னைய உள்ள விட்டுட்டுப் போயிருக்க?”

யார் வைத்த தீ

குஜிலியம்பாறையிலிருந்து வரும் ஆசாரி ஒருவர் கதவு, கட்டிலுக்கு மெருகேற ஆளி விதை எண்ணெய் தேய்ப்பவர். தேய்த்த துணியை எல்லாம் கசக்கிச் சாக்கில் திணித்து ஆட்டுக்கொட்டகையில் வைத்திருக்கிறார். ஒருநாள் மத்தியானம் கொட்டகை புகைந்தது என்று கடையில் வந்து சொன்னார். ஆடுகளை அவிழ்த்துவிட்டார், கூரை போய்விட்டது. பக்கத்துக் காட்டுக்காரர்தான் பீடியை வீசினார் என்று சண்டை போட்டு, அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகவில்லை.

எண்ணெய்த் துணியைக் குவித்து வைத்தால் தானே சூடேறித் தானே பற்றும் என்று அவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். விரித்துக் காயப்போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி மூடி வைக்க வேண்டும். அவர் அதை இரண்டு தடவை படித்தார். எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப அந்த மனுசன் பீடியே குடிக்கிறதில்லன்னு சத்தியம் பண்ணது நெசந்தானா? இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன், தாயி?”

ஜெனி பிடித்த வெளிச்சம்

இதையெல்லாம் எழுதிய கைதான் வீட்டில் சும்மா இருந்தது. போன மாசம் ஒரு சாயந்தரம், நல்ல மழை, கரண்ட் போய்விட்டது. அந்தோணி வேலை முடிந்து வந்து, தேங்காய்த் தொட்டியில் தின்னரை ஊற்றிக் கையிலிருந்த பச்சைப் பெயிண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சாரல் அடிக்கிறதென்று கதவும் சாத்தியிருந்தது. நான் மெழுகுவர்த்தியை ஏற்றிப் பலகையில் வைக்காமல், வாசலை ஒட்டிய திட்டில் வைத்துவிட்டு, ஆவி போகட்டும் என்று கதவைத் திறக்கத் திரும்பினேன். அதற்குள் ஜெனி அதை எடுத்துக்கொண்டாள். “அப்பாக்கு வெளிச்சம்” என்று சிரித்துக்கொண்டே அவரைப் பார்த்து நடக்கிறாள்.

“நில்லுடி!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பிள்ளை அப்படியே நின்று, வாயைப் பிளந்து அழுத மூச்சில் மெழுகுவர்த்தி அணைந்துபோச்சு. நான் பாய்ந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். அப்புறம் இரண்டு வருஷத்துப் பேச்சும் அந்த இருட்டில் மொத்தமாக வந்தது. ஆவி, தரை, அடுப்பு, மாதா, கேன், எல்லாம். கடைசியில் “ஒங்க தொழிலு நாறலைங்க, எனக்குப் பயமா இருக்கு” என்றேன். அவர் தின்னரில் நனைந்த கையைத் தள்ளிப் பிடித்தபடி நின்றார். பிள்ளையைத் தொடப் பயம், பாருங்கள். வெளியே போய் மழையிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஊருக்கெல்லாம் சீட்டு எழுதுனியே ஸ்டெல்லா, எனக்கு ஒண்ணு எழுதிருக்கக் கூடாதா?”

பின்சுவர் ஓரம்

மறுநாளே அவர் ஒரு தகரப் பெட்டி அடித்தார், நம்மூர்ப் பூட்டு ஒன்றும் வாங்கிவந்தார். ஆனால் கொல்லையில் பின்சுவர் ஓரமாக அதை வைக்க, எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிற வீட்டுக்காரம்மா சம்மதிக்க வேண்டும். “நேத்துப் பேசுனல்ல, நீயே போய்க் கேளு” என்றார் அந்தோணி. அந்தம்மா வாசலில் நின்று, சேலை முந்தியைச் சுற்றிச் சுற்றி என் விரலே சிவந்துவிட்டது. ஒருவழியாக, தின்னர் கேனை வெளியில் பூட்டி வைக்க இடம் வேண்டும், உள்ளே வைத்தால் தீப்பிடிக்கும் என்று சொல்லி முடித்தேன். அந்தம்மா கையிலிருந்த முறத்தை மெதுவாகக் கீழே வைத்தார். “பின்சுவரென்ன, தோட்டத்தையே எடுத்துக்க. ஆனா மூணு வருசமா என் வீட்டுக்குள்ள எதுக்குடி வச்சிருந்தீக?”

இந்த வாசத்தோடு குடும்பம் நடத்துகிற உங்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான், இறுக்கி மூட வேண்டியது கேனைத்தான், நம்ம வாயை…

இருங்க, முதலாளி கூப்பிடுகிறார். “ஏம்மா ஸ்டெல்லா, வெள்ளிக்கிழமையாச்சே, கங்கு போடலாமா?” இன்னும் கேன் மூடியைத் திருகவில்லையே! “அண்ணே, வேணாம்ணே, செத்த நேரம் பொறுங்க, நீங்க அங்கனயே நில்லுங்க, நான் மொதல்ல இந்தக் கேன…”